ஏலத்தில் கேட்ட ஒரே கேள்வி

அன்செல்மோவுக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பாராட்டாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாயா பிளாங்கா துறைமுகத்தில் லாரி லாரியாக வரும் கோதுமையை நிறுத்துச் சீட்டுக் கொடுக்கும் எடைமேடையில் அவனுக்கு வேலை. அந்த நாற்காலிக்கு அவன் குணம் பொருத்தம்தான். அதைத் தவிர உலகத்தில் வேறெதற்கும் பொருந்தாது. நாங்கள் ஆடும் த்ரூக்கோ சீட்டாட்டத்தில், கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். அன்செல்மோ கையில் நல்ல சீட்டு வந்தால் அவனுடைய இரண்டு காதும் சிவக்கும். வராவிட்டால் இடது காது மட்டும் சிவக்கும். பதினேழு வயதிலிருந்து அவனிடம் நான் தோற்றது மூன்றே தடவை, அதில் இரண்டு தடவை எனக்குக் காய்ச்சல்.

என் பெயர் ரொகேலியோ. பெற்ற தாயே என்னைக் குண்டன் என்றுதான் கூப்பிட்டாள், அதனால் நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். டிவியை ரிப்பேர் செய்வதைவிடப் புதிது வாங்குவது மலிவு என்று ஆன பிறகு, இணைய ஏலத்தில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி, சரிசெய்து, விற்க ஆரம்பித்தேன். எண்பதுகளில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் டிவியில் மாட்டி விளையாடினார்களே, அந்தப் பழுப்பு நிறப் பெட்டிகள். கணவன் செத்த வீடு, மகன் ஸ்பெயினுக்குப் போன வீடு, விவாகரத்து ஆன வீடு, இந்த மூன்று வீடுகளிலிருந்துதான் அவை ஏலத்துக்கு வரும்.

இந்தத் தொழிலில் விற்கிறவன் எழுதுவதற்கு ஒரு அர்த்தம், உண்மைக்கு வேறு அர்த்தம். 'வயர் இல்லாததால் போட்டுப் பார்க்கவில்லை' என்றால் போட்டுப் பார்த்தான், செத்துக் கிடக்கிறது. 'சின்னக் கீறல்' என்றால் மாடியிலிருந்து விழுந்தது. அவர்கள் அப்படி என்றால் நாங்கள் மட்டும் யோக்கியமா? வாங்குகிறவனுக்கும் ஒரு சட்டம் உண்டு. ஏலப் பக்கத்தில் நீ கேட்கும் கேள்வியை ஊரே படிக்கும். ஆகவே உனக்கு வேண்டியதைப் பற்றி வாயைத் திறக்காதே. வேண்டாததைப் பற்றிக் கேள். உனக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமா, அதன் அட்டைப்பெட்டியைப் பற்றிக் கேள். அட்டைப்பெட்டி வேண்டுமா, வயரைப் பற்றிக் கேள். விற்கிறவனும் விலையை ஏற்ற மாட்டான், போட்டிக்காரனும் மோப்பம் பிடிக்க மாட்டான். இந்தச் சட்டத்தை அன்செல்மோவுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்தான் என்று சொல்லக்கூடாது.

பொய் சொல்ல வராத அவன், 1986இல் பொய் சொல்லும் ஒரு மெஷினைச் செய்தான். ஒரு வருடம் இரவு பகலாகக் கூடுதல் வேலை பார்த்து ஒரு கமடோர் கம்ப்யூட்டரும், பிளாப்பி போடும் டிரைவும் வாங்கினான். வாங்கி, த்ரூக்கோ ஆடும் ஒரு புரோகிராம் எழுதினான். பெயர் 'புளுகன்'. அதற்கு முன்பும் சீட்டாடும் புரோகிராம்கள் இருந்தன, எல்லாம் மண்டுகள். இது நம்மை ஏமாற்றும். கையில் ஒன்றுமில்லாமல் பந்தயத்தை ஏற்றும். நல்ல சீட்டு இருக்கும்போது தயங்குவதுபோல் நிற்கும். நான் அதனிடம் ஒரே ஞாயிற்றுக்கிழமை பதினோரு ஆட்டம் தோற்றேன். "டேய் ஒல்லி, இது உன்கிட்டதான் கத்துக்கிச்சின்னு சொன்னா ஊர்ல எவன் நம்புவான்?" என்று கேட்டேன். காது இரண்டும் சிவக்கச் சிரித்தான். அந்தப் புரோகிராமின் முதல் மூன்று வரிகள், மெஷின் கண்டுகொள்ளாத, மனிதன் படிப்பதற்கு மட்டுமான வரிகள். அதில் தன் பெயரையும், தேதியையும், 'நிதியாவுக்கு, அவளுக்குப் பொய் பிடிக்காது' என்பதையும் எழுதியிருந்தான். நிதியா அப்போது அவன் காதலி, பிறகு மனைவி. அந்த வரியை அவள் பார்த்ததில்லை. அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே எரிச்சல், அது டிவியைப் பிடித்துக்கொள்கிறது என்று.

எங்களோடு மூன்றாவதாக ஒருவன் இருந்தான். தாமியான். ஒரு பிரதி கேட்டான், அன்செல்மோ கொடுத்தான். கேட்டால் கொடுக்கிற ஜாதி அவன். தாமியான் அதை எடுத்துக்கொண்டு தலைநகரத்துக்குப் போய், அந்த மூன்று வரிகளை அழித்து, முதல் திரையில் தன் பெயரைப் போட்டு, கேசட்டாக்கி விற்றான். நாடு முழுக்க விற்றது. ஒரு லாரி டிரைவர் எடைமேடையில் நிற்கும்போது, "என் பையன் இதைத்தான் நாள் பூரா ஆடுறான் சார்" என்று காட்டித்தான் அன்செல்மோவுக்கே தெரியும். தாமியானுக்கு ஒரு கடிதம் போட்டான். பதில் இல்லை. அத்தோடு விட்டுவிட்டான். நானாக இருந்தால் பஸ் ஏறிப் போய்ப் பல்லைக் கழற்றியிருப்பேன்.

1989இல் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை என்று நாடே பைத்தியம் பிடித்து ஆடியது. கைக்குழந்தைக்குப் பால்பவுடர் வாங்குவதற்காகக் கம்ப்யூட்டர், டிரைவ், பிளாப்பிகள் எல்லாவற்றையும் த்ரெஸ் அர்ரோயோஸ் ஊர்க்காரர் ஒருவரிடம் விற்றான். பெயர்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. பிளாப்பியில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யார் யோசித்தார்கள்?

அந்தக் கைக்குழந்தைதான் லுசிலா. 2007இல் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். மே மாதம் அவள் வகுப்புக்குத் தாமியான் பேச வந்தான். பழைய கம்ப்யூட்டர் மோகம் ஊரெல்லாம் பரவி, அவன் அப்போது கண்காட்சி கண்காட்சியாகப் போய்க் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தான். நரைத்த தலைமுடியைப் பின்னால் குடுமி கட்டியிருந்தான். அன்று மத்தியானம் நானும் அன்செல்மோ வீட்டில்தான் சாப்பிட்டேன். நிதியா இறைச்சி வறுவலைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னைக்கு யார் வந்தாங்க தெரியுமா? புளுகன் எழுதினவர். எவ்ளோ அழகா எழுதியிருக்கார் தெரியுமா? மெஷின் எப்போ பொய் சொல்லணும்ங்கறதுக்கு ஒரு சின்னக் கணக்கு வச்சிருக்கார், ஆறே வரி" என்றாள் லுசிலா.

"அது நான் எழுதினதும்மா" என்றான் அன்செல்மோ. உப்பை எடு என்று சொல்வதுபோல் சொன்னான்.

லுசிலா அம்மாவைப் பார்த்தாள். நிதியா, "உங்கப்பா அப்போ எந்நேரமும் எதையோ தட்டிக்கிட்டேதான் இருந்தார். நான் என்னத்தைக் கண்டேன்" என்றாள்.

"நான் பாத்திருக்கேன். என்னைக் கேளு" என்றேன்.

"மாமா, நீங்க செத்துப்போன டிவியைப் புதுசுன்னு விக்கிறவரு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "சரிப்பா, நீங்கதான் எழுதினீங்க, சரி" என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்த 'சரி'தான் அவனைக் கொன்றது. நீ பொய் சொல்கிறாய் என்று சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பான். அன்றைக்கு அவன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்ததை நான் பார்த்தேன். மறுநாள் கடைக்கு வந்து, "குண்டா, அந்த முதல் பிளாப்பி கிடைக்கணும். எம் பொண்ணு ஒரே ஒரு தடவை அந்த மூணு வரியைப் படிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றான்.

அன்றிலிருந்து தினமும் ஏலப் பக்கத்தை மேய ஆரம்பித்தோம். புளுகன் சம்பந்தமாக இரண்டு பொருள் வந்தன, இரண்டு கேசட். இரண்டுக்கும் நாங்கள் விலை கேட்டோம். இரண்டையும் கடைசி நிமிடத்தில் ஒரே புனைபெயர்க்காரன் தட்டிக்கொண்டு போனான். அடுத்த மாதம் அந்தக் கேசட்டுகள் தாமியானின் கண்காட்சி மேசையில் கண்ணாடிக்குள் இருந்தன. ஆக, அவனும் மேய்ந்துகொண்டிருக்கிறான் என்பது தெரிந்துவிட்டது. புளுகன் என்ற பெயர் எங்கே வந்தாலும் அவன் வந்துவிடுவான். திருடனுக்குத்தானே தெரியும், எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று.

ஆகஸ்டில் அது வந்தது. 'கணவர் உபயோகித்த கம்ப்யூட்டர், டிரைவுடன். த்ரெஸ் அர்ரோயோஸ்.' ஒரே போட்டோ, அதுவும் மங்கல். அன்செல்மோ மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து பார்த்தான். கீபோர்டின் ஓரத்தில் ஈயம் பற்றவைக்கும் கோல் பட்டுக் கருகிய வடு. அது அவன் கைவேலை. பக்கத்தில், போட்டோவில் பாதி வெட்டுப்பட்டு, பச்சை வண்ணம் அடித்த ஒரு சின்ன மரப்பெட்டி. பழப்பாகுக் கட்டி வரும் பெட்டிக்கு அவனே வண்ணமடித்துப் பிளாப்பி வைக்கச் செய்தது. அவன் எழுந்து கடையின் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான்.

சிக்கல் என்னவென்றால், விளம்பரத்தில் மரப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கம்ப்யூட்டர், டிரைவ், அவ்வளவுதான். பெட்டியை அந்த அம்மாள் குப்பையில் போட்டுவிட்டால்? ஏலம் முடியும்வரை விற்பவரின் போன் நம்பர் தெரியாது, கேள்வியில் நம்பர் எழுதினால் தளத்துக்காரர்கள் விளம்பரத்தையே தூக்கிவிடுவார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும், ஊரறியத்தான் கேட்க வேண்டும்.

"நேரா கேட்டுடறேன் குண்டா. அம்மா, அந்தப் பச்சைப் பெட்டில என் பிளாப்பி இருக்கு, அதைத் தொடாம பத்திரமா வைங்கன்னு" என்றான் அன்செல்மோ.

"கேளு, நல்லா கேளு. அரை மணி நேரத்துல தாமியான் வந்து பத்து மடங்கு விலை வைப்பான். அப்புறம் உன் பொண்ணு அந்த மூணு வரியை எங்க படிப்பா? அவன் அடுப்புலயா?"

"அப்போ என்ன செய்யறது?"

"எழுந்திரு. நான் எழுதறேன்."

நான்தான் எழுதினேன். என் இரண்டு விரலால், அவன் பெயரில் எழுதினேன்: 'வணக்கம் அம்மா. படத்தில் தெரியும் பெட்டியில் உள்ள பழைய பிளாப்பிகளையும் சேர்த்துத் தருவீர்களா? அவற்றில் இருப்பது எனக்குத் தேவையில்லை, காலி பிளாப்பியாகப் பயன்படுத்த நினைக்கிறேன். திரும்பப் பதிவு செய்யக்கூடிய நிலையில் இருக்கின்றனவா?'

படித்துப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. காலி பிளாப்பி தேடும் பிச்சைக்காரனை எந்தத் தாமியான் திரும்பிப் பார்ப்பான்? அன்செல்மோவின் இடது காது சிவந்திருந்தது. "தேவையில்லைன்னு எழுதணுமா?" என்றான்.

"த்ரூக்கோன்னா என்னன்னு உனக்குச் சாகிறவரை தெரியாதுடா" என்று சொல்லி அனுப்பு பொத்தானை அழுத்தினேன்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. 'வணக்கம். தாராளமாகச் சேர்த்துத் தருகிறேன். உங்களுக்கு உபயோகப்படும்படி தயார் செய்து வைக்கிறேன். எலிதா.'

"தயார் செய்றதுன்னா என்ன?" என்று கேட்டான்.

"தூசி தட்டி வைப்பாங்க. வேற என்ன?"

"இன்னொரு கேள்வி போட்டுடலாமா? எதையும் செய்ய வேணாம், அப்படியே வைங்கன்னு?"

"ஒரு கேள்வி கேட்டா பிச்சைக்காரன். ரெண்டு கேள்வி கேட்டா உள்ள ஏதோ இருக்குன்னு ஊருக்கே தெரியும். பொத்திக்கிட்டு உட்காரு."

பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். ஏழு நாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் நான், கெட்டவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏலம் முடிந்தது. கடைசி விநாடியில் போட வேண்டும் என்று மாத்தே இலை போட்ட குடுவையில் வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டே காத்திருந்தோம். போட்டியே இல்லை. அவன் ஒருவன் மட்டும்தான் விலை கேட்டிருந்தான், ஆரம்ப விலைக்கே கிடைத்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு தந்திரம் பலித்ததில்லை. நான் அவன் முதுகில் அடித்தேன், அவன் என் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தான்.

போன் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். ஏலம் முடிந்ததும் நம்பர் வந்துவிட்டது. செய்தான். அந்த அம்மாள், "எல்லாம் தயாரா இருக்கு தம்பி, சனிக்கிழமை வாங்க" என்று சொன்னதாகச் சந்தோஷமாகச் சொன்னான். எல்லாம் முடிந்துபோய்த்தான் தயாராக இருந்தது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை என் பழைய ரெனோவில் கிளம்பினோம். லுசிலாவையும் கூப்பிட்டிருந்தான். எதற்கு என்று சொல்லவில்லை. "ஒரு பொருள் பாக்கணும், வாம்மா" என்று மட்டும் சொன்னான். வழியெல்லாம் காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. இருநூறு கிலோமீட்டரும் அவன் மடியில் கையை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகும் பையன்போல உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு தடவை, "உங்க சார், பொய் சொல்றதுக்கான கணக்கு ஆறு வரின்னாரே, நான் முதல்ல எழுதினப்ப ஒன்பது வரி. அப்புறம்தான் குறைச்சேன்" என்றான்.

"அப்படியாப்பா" என்றாள் லுசிலா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

எலிதா அம்மாள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுபது வயதிருக்கும். சுத்தத்துக்குப் பேர்போன டேனிஷ்காரர்கள் குடியேறிய ஊர் அது, வீடு கண்ணாடிபோல் இருந்தது. சாப்பாட்டு மேசையில் விரிப்புப் போட்டு, டிவியோடு கம்ப்யூட்டரை மாட்டியே வைத்திருந்தாள். கருகிய வடுவைக்கூடத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள், போகவில்லையாம், அதற்கு வருத்தம் தெரிவித்தாள். இதுவரை நான் பார்த்த நூறு விற்பனையாளர்களில் ஒருவர்கூட இவ்வளவு மனசாட்சியோடு ஒரு பொருளைக் கொடுத்ததில்லை.

"நீங்கதானே காலி பிளாப்பி கேட்டவர்?" என்று அன்செல்மோவைப் பார்த்துச் சிரித்தாள். பச்சைப் பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "பதினெட்டு. எல்லாத்தையும் நானே பண்ணினேன். புது பிளாப்பியை எப்படித் தயார் பண்றதுன்னு என் வீட்டுக்காரர் நோட்டுல எழுதி வச்சிருந்தார். அதைப் பார்த்து ஒவ்வொண்ணா. ஒண்ணுக்கு ஒன்றரை நிமிஷம் கொர்ருகொர்ருன்னு ஓடும். அப்புறம் காலி."

அன்செல்மோ பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தினான். நான்தான், "எதை ஒவ்வொண்ணா?" என்று கேட்டேன். தெரிந்தும்தான் கேட்டேன்.

"உள்ள இருக்கறதை அழிக்கறதுதான். பழைய லேபிளைக்கூட வெந்நீர்ல நனைச்ச துணி வச்சு உரிச்சுட்டேன், அசிங்கமா இருக்கேன்னு. ஒண்ணே ஒண்ணுதான் அடம் பிடிச்சுது. எவ்வளவு தட்டினாலும் சிவப்பு லைட் கண்ணைச் சிமிட்டுது, வேலை செய்யலை. நோட்டைப் புரட்டினா, ஓரத்துல இருக்கற வெட்டை ஸ்டிக்கர் மூடியிருந்தா எழுத முடியாதுன்னு போட்டிருக்கார். பார்த்தா ஆமா, வெள்ளி நிறத்துல ஒரு ஸ்டிக்கர். யாரோ ரொம்ப அழுத்தி ஒட்டியிருக்காங்க. நகத்தால சுரண்டி எடுத்தேன். அப்புறம் அதுவும் ஒழுங்கா ஆயிடுச்சு."

அந்த வெள்ளி ஸ்டிக்கரை 1986இல் அன்செல்மோ ஒட்டும்போது நான் பக்கத்தில் இருந்தேன். 'இதை மட்டும் யாரும் தெரியாத்தனமாக்கூட அழிச்சிடக் கூடாது' என்று சொல்லி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான்.

அவன் பெட்டியிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்து டிரைவில் போட்டான். உள்ளே இருப்பதைக் காட்டு என்று தட்டினான். திரையில் ஒரே வரி வந்தது. 664 கட்டங்கள் காலி. அந்த டிரைவில் 664 என்றால் ஒன்றுமே இல்லாத பிளாப்பி என்று அர்த்தம். அடுத்ததைப் போட்டான். 664. அடுத்தது. 664. எலிதா அம்மாள் தேநீரும், வெண்ணெய் போட்ட கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் சோதித்துப் பார்ப்பதை ஒரு மாணவி பரீட்சைத்தாள் திருத்தப்படுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டையும் போட்டுப் பார்த்தான். பதினெட்டும் 664.

நான் எழுந்துவிட்டேன். வாயில் வந்ததைக் கொட்டியிருப்பேன். அன்செல்மோ என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க. நன்றி" என்றான். இடது காது மட்டும் சிவந்திருந்தது.

"நீங்க கேட்டீங்களே தம்பி" என்றாள் அவள்.

திரும்பி வரும்போது லுசிலாவிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுத்தி அழுத்திச் சொன்னேன். அந்தப் பிளாப்பியில் என்ன இருந்தது, யார் பெயர் இருந்தது, கேள்வியை எழுதியது யார் என்று எல்லாம். வீட்டுக்கு வந்து அந்த ஒரு பிளாப்பியை எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் மீட்டுப் பார்க்கப்போகிறேன் என்றேன். (மீட்டும் பார்த்தேன், ஒரு வாரம். அந்த நோட்டில் இருந்தது மேலோட்டமாக அழிக்கும் முறையாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும். அந்த மனுஷன் முழுமுறையை எழுதி வைத்திருந்தார். ஒரு எழுத்துக்கூட மிஞ்சவில்லை.) லுசிலா பின்சீட்டிலிருந்து எட்டி அப்பாவின் தோளில் கை வைத்தாள்.

"பரவாயில்லப்பா. நான் நம்பறேன்" என்றாள்.

அதே குரல். மே மாதம் 'சரி' சொன்ன அதே குரல். நோயாளியிடம் சூப் நன்றாக இருக்கிறது, குடி என்று சொல்வார்களே, அது. அன்செல்மோ நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு அந்தக் காரை எதன்மேலாவது மோத வேண்டும்போல் இருந்தது.

ஏலத் தளத்தில் வாங்கியவன் விற்றவருக்கும், விற்றவர் வாங்கியவனுக்கும் மதிப்பெண் போட வேண்டும். "ஒரு நட்சத்திரம்கூடப் போடாதே" என்றேன். அவன் ஐந்தும் போட்டான். கீழே, 'சொன்னதைச் சொன்னபடி செய்தார். பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினான். மறுநாள் அவளும் அவனுக்கு ஐந்து போட்டிருந்தாள். 'கண்ணியமானவர். தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார்.' அது இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. எனக்குத் தண்டனை வேண்டும்போது போய்ப் படித்துக்கொள்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. துறைமுகத்திலிருந்து வந்து, அந்தக் கமடோரைப் படுக்கையறை டிவியில் மாட்டி, புளுகனை மறுபடி எழுத ஆரம்பித்தான். ஞாபகத்திலிருந்து, வரி வரியாக. டிவித் தொடர் பார்க்க முடியவில்லை என்று நிதியா கத்தினாள், இருபது வருடத்துக்கு முன்பு கத்தியதுபோலவே. ஒன்பது வாரம் ஆனது. எனக்குக் கொண்டுவந்து காட்டினான். ஆடினேன், தோற்றேன். இல்லாத சீட்டைக் காட்டிப் பந்தயத்தை ஏற்றியது, பழைய திமிர் அப்படியே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதை எழுதியவனைத் தவிர வேறு எவனாலும் அதை அப்படி எழுத முடியாது. "டேய் ஒல்லி, இதான் சாட்சி. இதைவிட என்ன வேணும்? காட்டு அவகிட்ட" என்றேன். மூன்று வரிகளையும் மேலே எழுதியிருந்தான், 1986ஆம் வருடத் தேதியைப் போடாமல், அன்றைய தேதியைப் போட்டு. பழைய தேதி போடுடா என்றால், "இன்னைக்குத்தானே எழுதினேன்" என்கிறான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மறுநாள் எங்கள் ஊர்க் கண்காட்சியில் தாமியானுக்கு வெண்கலப் பட்டயம் கொடுக்கப்போகிறார்கள், லுசிலாவுக்கும் அவள் தோழிகளுக்கும் வரவேற்பு மேசையில் வேலை. அட்டைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். அவள் ஒரு ஆட்டம் ஆடினாள். இன்னொன்று ஆடினாள். பிறகு புரோகிராமைத் திரையில் வரவழைத்து, மேலிருந்து கீழாகப் படித்தாள். நான் வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு வரும் இடத்தில் நின்றாள். ஆறு வரி. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அவள் முகம் மலர்ந்தது. இந்தத் தடவை அது உண்மையான மலர்ச்சி, பரிதாபம் இல்லை.

"அப்பா, பிரமாதம்ப்பா. அப்படியே தாமியான் சார் எழுதின மாதிரியே இருக்கு. இதைப் பார்த்து இவ்வளவு கத்துக்கிட்டீங்களா, இந்த வயசுல? நாளைக்கு அவர்கிட்ட காட்டட்டுமா? ரொம்ப சந்தோஷப்படுவார்."

அன்செல்மோ என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். அவன் தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்று. பிறகு மகளின் தலையைத் தடவி, "ஆமாம்மா, அதைப் பார்த்துத்தான் எழுதினேன்" என்றான்.

நான் அவன் காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை.